ஓடிக்கொண்டே நின்ற ஜீப்

பெண் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திய வல்லிநாயகம், என்ஜினை மட்டும் நிறுத்தவில்லை.

நிறுத்தினால் மறுபடி கிளம்பாது.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட வண்டி. செல்ஃப் எடுக்காது. முன்னால் கம்பி விட்டுச் சுற்றிக் கிளப்பும் துளையும் ஒரு பாறையில் மோதி நசுங்கியிருந்தது. பட்டாளத்து வண்டி என்பதால் சாவியும் கிடையாது. டாஷ்போர்டில் ஒரு திருகு, அதன் பக்கத்தில் ஆன், ஆஃப் என்ற எழுத்து, அவ்வளவுதான்.

குற்றாலத்தில் இதெல்லாம் ஒரு குறையே இல்லை. மலையில் மங்குஸ்தான் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தான். அந்தச் சேற்றுப் பாதையில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க, ஜீப் வெள்ளாடு மாதிரி ஏறும். வீடும் மேட்டில். சரிவு பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவான். காலையில் கல்லை எடுத்து உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். வாசல் சரிவாக இருக்கிற வீட்டுக்காரர்களோடுதான் அவனுக்குச் சிநேகிதமே.

பெண் வீடு இருக்கிற மேலகரமோ தாம்பாளம் போல் தட்டையான ஊர்.

ஜீப் வைத்திருக்கும் பையன் என்று சொல்லித்தான் தரகர் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். தள்ளினால்தான் நகரும் ஜீப் என்று தெரிந்தால் தெருவே சிரிக்கும்.

பெண்ணின் அப்பா தில்லைநாயகம் பிள்ளை வாசலுக்கு வந்து, உறுமிக்கொண்டிருந்த வண்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வண்டிய அணைச்சிட்டு வாங்க தம்பி. வந்த காலோட போற மாதிரில்லா இருக்கு.”

சூட்டோடு அணைத்தால் என்ஜின் கெட்டுவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, கூட வந்த அக்கா இராமலட்சுமியின் பின்னால் உள்ளே போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தான்.

பிள்ளைவாளின் முகம் தெளியவில்லை. ஏற்கெனவே பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேசரியைத் தின்றுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பியவர்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இவன் என்னடாவென்றால் கிளம்பிய நிலையிலேயே வந்திருக்கிறான்.

அக்கா நெல் விலை பேசினாள். என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்தது. அலமாரியில் டம்ளர்கள் நடுங்கின. வல்லிநாயகம் தொட்டில் பிள்ளையின் மூச்சைக் கேட்பதுபோல் வெளியே காதை வைத்திருந்தான்.

சட்டென்று சத்தம் நின்றது. டம்ளர்களும் நின்றன.

சற்றுப் பொறுத்து, பெண் நாச்சியார் காப்பி கொண்டுவந்தாள். அவன் மனம் தெருவில் கிடந்தது. அவளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நெற்றியோரத்து முடியில் பொடிப்பொடியாக நீர் நின்றதை மட்டும் கண்டான். அடுப்படி வேர்வை என்று நினைத்துக்கொண்டான்.

கிளம்பும் நேரத்தில் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. தள்ளிவிட்டால்தான் கிளம்பும் என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைவாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாரலில் இறங்கினார். எதிர்வீட்டார், பக்கத்து வீட்டார் எல்லாரும் வந்து கை வைத்தார்கள். தள்ளுகிற வண்டியிலிருந்து இறங்கமாட்டேன் என்று அக்கா உள்ளேயே உட்கார்ந்துகொண்டாள்.

தெருக்கோடி வரை தள்ளினார்கள். இரண்டாவது கியர், கிளட்ச். ஒரு முனகல்கூட இல்லை.

பெட்ரோல்தான் ஊற்றினானா, அருவித் தண்ணீரைப் பிடித்து ஊற்றினானா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். இப்போது சிரித்தார்கள்.

வல்லிநாயகம் குனிந்து பார்த்தான். திருகு, ஆஃப் என்ற எழுத்தின் பக்கம் திரும்பியிருந்தது.

அவன் அதைத் தொடவேயில்லை.

திரும்பிப் பார்த்தான். மூச்சு வாங்க நின்ற அத்தனை பேர் தலைமுடியிலும் சாரல் பொடிப்பொடியாக நின்றது. அவர்களுக்குப் பின்னால், தூரத்தில், வாசற்படியில் நாச்சியார். முந்தானையால் நெற்றியோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் பார்த்தபோது தலையைக் குனியவில்லை.

யாரிடமும் எதுவும் சொல்லாமல் திருகைத் திருப்பினான். இன்னொரு தடவை தள்ளச் சொன்னான். நாலு எட்டில் பிடித்துக்கொண்டது.

குற்றாலம் ரோட்டில் ஏறிப் போய்விடுவான் என்றுதான் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவன் வண்டியைத் திருப்பினான். வந்த தெருவிலேயே வந்து, பெண் வீட்டு வாசலில் நிறுத்தி, தன் கையாலேயே அணைத்தான்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? இனி யாருலே தள்ளுவா?”

வல்லிநாயகம் இறங்கி, செருப்பைக் கழற்றினான்.

“மாமனார் வீட்டுல ஆளா இல்ல, அக்கா?”