அணைத்த பெட்டியின் காற்று

மின்சாரப் பழுதுபார்ப்புக்காக அலுவலகத்தின் சர்வர் கணினியை நிறுத்த வேண்டியிருந்தது. அந்த ஒற்றை இரும்புப் பெட்டிக்குள், மென்பொருளாலேயே ஆன மெய்நிகர் கணினிகள் பல குடித்தனம் நடத்தின. வெளியிலிருந்து கட்டளை அனுப்பினால், ஒவ்வொன்றும் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத் தானாக அடங்கும். கணினிக்காரர் பொறுமையாக அனுப்பினார். ஒவ்வொன்றாக அடங்க அடங்க, பெட்டியின் பின்புறத்திலிருந்து பல் துலக்காத வாயின் நாற்றம் கூடிக்கொண்டே வந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கடைசி ஒன்று அடம்பிடித்தது.

"இன்னும் என்ன கெஞ்சிக்கிட்டு இருக்கீங்க? கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளுங்க!" என்று போனில் கத்தினார் மேலாளர்.

"உள்ள ஏதோ வேலை ஓடுது சார். பாதியில நிறுத்தக் கூடாது."

"நான் சொல்றேன்ல?"

கணினிக்காரர் அதை வலுக்கட்டாயமாக நிறுத்தினார். பிறகு பெட்டியையும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கினார். விசிறிகள் ஓய்ந்தன.

கம்பியைச் சுருட்டக் குனிந்தவரின் முகத்தில், பின்புறத் துளைகளிலிருந்து வெதுவெதுப்பான காற்று அடித்தது. நின்றது. உள்ளே இழுத்தது. மறுபடி வந்தபோது கன்னத்தில் எச்சில் தெறித்தது.

"என்ன, அணைஞ்சுதா?" என்றது போன்.

பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அவர் உதடுகளை இறுக்கிக்கொண்டார்.