புகைக்குள் ஒரு விளக்கு

"என்னம்மா, உன் மெஷின் வாயே திறக்க மாட்டேங்குது?"

தீயணைப்பு நிலைய அதிகாரி கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துகூட வரவில்லை.

பயிற்சிக் கட்டடம் முழுக்கப் புகை. அந்தக் கனத்த சுவர்களுக்குள் வாக்கிடாக்கி எடுக்காது. அதற்காகத்தான் அவளும் அண்ணனும் பார்த்த வேலையை விட்டுவிட்டு இந்தக் கருவியைச் செய்திருந்தார்கள். உள்ளே போகிறவர் பொத்தானை அழுத்திச் செய்தி அனுப்பினால் தலையில் மாட்டிய விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கும். வாசலிலிருந்து உள்ளே பார்க்கும் கேமரா அதைப் பிடிக்கும். புகை சூழ்ந்த படங்களாகவே பார்த்துப் பழகிய மெஷின் அதை எழுத்தாக்கும்.

காலை ஒத்திகையில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத புகையிலும் அது ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தது. தீயணைப்பு வீரர்கள் கைதட்டினார்கள். பெற்ற பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கியதுபோல் அவள் பூரித்துப்போனாள்.

இது கடைசிச் சோதனை. அதிகாரி தன் ஆள் ஒருவரைத் தனியே அழைத்து, காதில் ஏதோ சொல்லி உள்ளே அனுப்பியிருந்தார். தேறினால் எல்லா நிலையங்களுக்கும் கருவி போகும். தோற்றால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அண்ணன் குனிந்து கிசுகிசுத்தான். "பாப்பா, அதோட கறாரைக் கொஞ்சம் குறைச்சு விடேன். அரைகுறையாத் தெரிஞ்சாலும் ஊகிச்சு எழுதிடும்ல?"

"எழுதும். அழகாவே எழுதும்."

"அப்புறம் என்ன? குறைச்சுத் தொலை!"

ஒரு சொடுக்கு போதும். அவள் விரல் மவுஸ் வரை போய் நின்றுவிட்டது.

"உள்ள மாட்டிக்கிட்டவர் ஒண்ணு சொல்லி, இது வேற ஒண்ணு எழுதினா? தெரியலைன்னா சும்மா இருக்கணும்னுதானேண்ணா இதுக்கு ராப்பகலாக் கத்துக்கொடுத்தேன்!"

"நல்லாக் கத்துக்கொடுத்த, போ. ரெண்டு பேரும் நடுத்தெருவுல நிக்கலாம்." அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அவள் எழுந்தாள். "மன்னிச்சிடுங்க சார். மெஷினுக்கு எதுவும் புரியலை. புரியாததை எழுத வைக்க எனக்கு மனசு வரலை."

அதிகாரி கையை நீட்டி, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எல்லா நிலையத்துலயும் மாட்டிடுங்கம்மா. முதல்ல நம்ம நிலையத்துல."

"சார்... இது ஒண்ணுமே படிக்கலையே?" அண்ணன் வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

"உங்களுக்கு முன்னாடி வந்தவங்க மெஷின் எல்லாம், 'நான் பத்திரமா இருக்கேன்'னு பிரமாதமாப் படிச்சுதுப்பா," என்றார் அதிகாரி. "ஆனா ஒவ்வொரு தடவையும் நான் என் ஆள் காதுல சொல்லி அனுப்பினது ஒண்ணேதான்: 'உள்ள போனதும் விளக்கை அணைச்சிடு.'"