மரத்திலேயே ஒன்று

பிற்பகலிலேயே ஒஸ்லோ இருட்டுகிறது. இசைக்கருவிக் கடையின் கண்ணாடி மேசையில் ஆறு துளைக் குழல்கள் இரண்டு கிடக்கின்றன. கறுப்புப் பிளாஸ்டிக் குழல்தான் மலிவு, குளிருக்கு வெடிக்காது, ஆயுள் முழுக்க இருக்கும் என்கிறார் கடைக்காரர். சிவகௌரி மரக்குழலையே தடவிக்கொண்டிருக்கிறாள். ஊதிக் காட்டச் சொல்கிறாள். அவர் ஊதுகிறார், ஒற்றைச் சுரம் ஈரக் கோட்டுகளின் வாடையினூடே எழுந்து அடங்குகிறது. "சுருதி பிசகேல்லை. அப்பாவுக்குப் பிடிக்கும்" என்கிறாள். மகள் அபிஷா தன் அப்பாவின் பழைய குழலைத் துணிப்பையோடு நெஞ்சில் அணைத்தபடி நிற்கிறாள். "பிளாஸ்டிக்கே போதும் அம்மா. இனி ஆர் ஊதப்போறது?" சிவகௌரி மரக்குழலின் வாய்த்துளையைச் சால்வை நுனியால் மெல்லத் துடைக்கிறாள். "அப்பான்ரையை நீ வைச்சிரு பிள்ளை. நாளைக்குப் பெட்டிக்குள்ளை வைக்கிற குழல் அவரோடை சேர்ந்து எரியவேணும்."