ஒன்றாம் எண்

வடமாலபேட்டையின் வறண்ட ஏரியில் முதல்முறையாகக் கார் பந்தயம். கோவர்த்தனனும் அவன் மனைவி ஜெயம்மாவும் பெயர் கொடுத்திருந்தார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே மாருதிதான்.

கறுப்பு ஸ்டிக்கரில் ஜெயம்மா தனக்காக '1' வெட்டி முடித்ததும், கோவர்த்தனன் அதை எடுத்துக்கொண்டான்.

"இது எனக்கு. நீ ரெண்டு வெட்டிக்கோ."

"மொத மொத ஓடற காரை நான்தான் ஓட்டணும்னு ஒரு வாரமா சொல்லிக்கினு இருக்கேன் மாமா."

"நம்பர் வரிசையிலதான் உடுவாங்க. நான் மொதல்ல போறேன்."

"ரேஷன் கார்டுல இருந்து எல்லாத்துலயும் நீதான் மொதல்ல. இதையாவது உட்டுக்குடுத்தா என்னவாம்?"

அவன் '1'ஐக் கார் கதவில் ஒட்டினான். கோபத்தில் அவள் வெட்டிய '2' கோணிக்கொண்டது.

ஞாயிறு காலை கொடி அசைந்தது. நட்டிருந்த கம்பங்களை ஒவ்வொரு காராகச் சுற்றி வர வேண்டும்; குறைந்த நேரம் எடுப்பவருக்கு வெற்றி. கோவர்த்தனனோ அங்கங்கே ஒதுங்கி ஒதுங்கிப் போனான். இரண்டு இடத்தில் சக்கரம் புதைந்து, உறுமி வெளியே வந்தது.

"ஒண்ணாம் நம்பரு ஆமையாட்டம் போவுதுடா" என்று கூட்டம் சிரித்தது.

திரும்பி வந்தவன் '1'ஐ உரித்துவிட்டு, கோணல் '2'ஐப் பொறுமையாக ஒட்டினான்.

"மேலதான் காஞ்சிருக்குது ஜெயா, கீழ சேறு. நடந்து பாத்தப்ப எங்க புதையும்னு தெரியல, இப்ப தெரிஞ்சிபோச்சி. என் டயர் தடத்துலயே போ. புதைஞ்ச ரெண்டு எடத்துல மட்டும் ஒதுங்கிக்கோ."

ஜெயம்மா ஏரியைப் பார்த்தாள். புழுதியில் இரண்டு கோடுகள் அவளுக்காகக் காத்திருந்தன.

"அடுத்த தபா ஒண்ணு எனக்கு" என்றாள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "நீ என் தடத்துல வா."