முதலுதவிக்கு ஒரு மனசு

பள்ளிவாசலில் மனநல முதலுதவிப் பயிற்சி முடித்துத் திரும்பிய மோதினாருக்கு, முதலுதவி செய்ய அவசரமாக ஒரு மனசு தேவைப்பட்டது. அடுப்படியில் மனைவி கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

"எந்தக் கவலைன்னாலும் சொல்லும்மா, கேக்குறேன்."

"வெங்காயம் உரிக்கிறேங்க."

"நான் பழகிக்கணும்ல? சும்மா ஒரு கவலை சொல்லேன்."

"எனக்கு வரலை. நீங்களே ஒண்ணு சொல்லிக் காட்டுங்க."

"ஒருத்தன் இருக்கான்னு வச்சுக்க. ஊரையே தொழுகைக்குக் கூப்பிடறவன். அவனுக்கே கொஞ்ச நாளா எந்திரிக்க மனசில்லை. எதுலயும் பிடிப்பில்லை. வெளியே சொன்னா, மோதினாருக்கே அல்லா மேல நம்பிக்கை, ஈமான் குறைஞ்சுபோச்சும்பாங்க..." குரல் உடைந்தது.

வழக்கமாக அவர் கேள்வியை முடிக்குமுன் பதிலை முடித்துவிடுகிற மனைவி, வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இது ஈமான் குறைச்சல் இல்லைங்க. காய்ச்சல் மாதிரி இதுவும் நோய்தான். டாக்டர்கிட்ட நானும் கூட வரேன்."

மோதினார் நிமிர்ந்தார். "வகுப்புல சொன்ன மாதிரியே பேசுறியே!"

"போன வாரம் பெண்கள் வகுப்புக்குப் போனேனே."

"தங்கச்சி வீட்டுக்குன்னுல்ல சொன்னே?"

"உண்மையைச் சொன்னா யாருக்காகன்னு கேப்பீங்களே. ஆண்கள் வகுப்புக்கு உங்க பேரையும் நான்தான் கொடுத்துட்டு வந்தேன்."

மோதினாருக்குக் கண் நிறைந்தது.

"வெங்காயம்," என்றார்.

மனைவி, உரிக்காத வெங்காயத்தையெல்லாம் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.