தாளில் பிறந்தவை

அந்த விண்மீன் மண்டலம் செத்துவிட்டதென்று எல்லோரும் கைகழுவியிருந்தார்கள். அங்கே இன்னும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று ஆறு ஆண்டுகளாக ஒற்றைக்காலில் நின்றவள், ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் வானியலாளர் மட்டும்தான். பிறப்பு இருந்தால் விண்வெளித் தொலைநோக்கி எடுக்கும் எக்ஸ்ரே படத்தில், குட்டி நட்சத்திரத்துக்கு ஒன்றாகப் புள்ளிகள் தெரியும்.

காலையில் படம் வந்தது. அச்செடுத்து எண்ணினாள். நாற்பத்தொன்று!

இயக்குநரும் எண்ணினார். "நாப்பத்திரண்டும்மா! நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு." கூடமே கைதட்டியது.

ஒன்றை விட்டுவிட்டோமோ என்று அவள் மறுபடி எண்ணினாள். நாற்பத்து மூன்று.

எல்லோரும் தேநீருக்குப் போனபின், தாளின் வெற்றிடம் ஒன்றில் விரல் வைத்தாள். சுட்டது. விரலை எடுத்தாள். அங்கே ஒரு புள்ளி மெல்ல அரும்பிக்கொண்டிருந்தது.

"வாடா கண்ணு, வா," என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.