ஆணி இல்லாத மேஜை

மாப்பிள்ளையின் அம்மா சங்கரேஸ்வரி மேஜைக்கு அடியில் குனிந்து ஆணியைத் தேடினார். கிடைக்கவில்லை.

"ஒண்ணு கூடவா இல்ல?"

"இல்ல அத்தை. மர ஆப்புதான். எட்டு," என்றாள் பொன்செல்வி.

வாசுதேவநல்லூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், முதலில் குற்றாலம் போய் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு இலஞ்சிக்கு வந்திருந்தார்கள். குளித்த பசி. மேஜையைச் சுற்றி ஆறு நாற்காலிகளும் நிரம்பியிருந்தன. கேசரி இரண்டாம் முறை வந்தது.

எல்லாம் தேக்கு. பொன்செல்வி தன் பட்டறையில் பதினோரு மாதம் உளி பிடித்துச் செய்தது. நூறு வருடத்துக்கு முன்னால் இயந்திரங்களோடு கோபித்துக்கொண்டு கையால் இழைத்த இங்கிலாந்துத் தச்சர்களிடமிருந்து மேஜைக் கால்களின் வடிவத்தை எடுத்துக்கொண்டாள். ஜப்பான் கோயில் கூரைகளிலிருந்து, லேசாக மேலே வளையும் விளிம்பை. வார்னிஷ் கிடையாது. எண்ணெய் மட்டும்.

"நல்லாத்தான் இருக்கு. சீரா இதையே ஏத்திவிட்டுருங்க," என்றார் சங்கரேஸ்வரி. "ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்குப் பொறவு உளி கிளின்னு தொடக் கூடாது. எங்க வீட்டுல மூணு பேரு போலீசு. எஸ்.ஐ. பொண்டாட்டி மரம் இழைக்கான்னு ஸ்டேஷன்ல சிரிப்பாவ."

பொன்செல்வியின் முந்தானையை அவள் அம்மா பின்னாலிருந்து இழுத்தாள். உனக்கு வயது முப்பத்தொன்று என்றது அந்த இழுப்பு.

பொன்செல்வி மாப்பிள்ளை தேவாவைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவன் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தான். வளைவு தொடங்கும் இடத்தில் விரல் ஒவ்வொரு முறையும் நின்று நின்று போனது. அதனால்தான் கேட்டாள்.

"நீங்க என்ன சொல்லுதிய?"

தேவா கையை எடுத்துக்கொண்டான்.

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பொன்செல்வியின் அப்பா மணிமுத்து, யாரும் சொல்லாமலே, மேஜை மேலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்.

"எல்லாரும் தட்டைக் கொஞ்சம் கையில எடுத்துக்கிடுங்க அத்தை," என்றாள் பொன்செல்வி.

பட்டறையிலிருந்து மரச்சுத்தியலை எடுத்து வந்து மேஜைக்கு அடியில் நுழைந்தாள். ஓர் ஆப்புக்கு ஓர் அடி. பட்டுப் புடவை தரையில் புரண்டது.

எட்டாவது ஆப்பு விழுந்ததும் அப்பா வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்தார். எங்கே பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கால்கள் ஒரு பக்கம், குறுக்குச் சட்டம் ஒரு பக்கம். ஆறு பேரும் ஒன்றுமில்லாத ஓர் இடத்தைச் சுற்றி, கையில் கேசரியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா?"

"இல்ல அத்தை. நீங்க மெதுவா சாப்பிடுங்க. நாற்காலியைப் பொறவு எடுத்துக்கிடுதேன்."

பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். அதன் அடிப்பக்கம் இப்போது எல்லோரையும் பார்த்தது. அங்கே பென்சிலால் இரண்டு வரிகள் இருந்தன.

கடையம், வாத்தியார் மாப்பிள்ளை.

சிவகிரி, பேங்க் மாப்பிள்ளை.

பொன்செல்வி கொண்டைப் பூவுக்குள் செருகியிருந்த பென்சிலை உருவினாள். நிதானமாக மூன்றாவது வரியை எழுதினாள்.

அதற்குக் கீழே இன்னும் நிறைய இடம் இருந்தது.